ஊமைக் கட்டையின் பாட்டு

பிடித்த பாட்டு ரேடியோவில் வரும்வரை காத்துக் கிடந்தவர்கள் நாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பாட்டு முடியாமல் எழுந்திருக்க மாட்டோம். அப்புறம் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவைதான் வந்தது என்று சொன்னால், ஏன் டவுன்லோட் பண்ணலையா என்று கேட்கிறார்கள். அவர்களோடு என்னத்தைப் பேசுவது? நமக்கு முட்டியும் தேய்ந்துவிட்டது, பொறுமையும் தேய்ந்துவிட்டது.

போன மாதம் என் மகள் லீவில் வந்திருந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மீதி நேரத்தில் அவளே பாட்டு எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடி, போனில் ஏற்றி விடுகிறாள். இந்தத் தடவை ஒரு கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நான் அடுப்படியில் நகரை மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினாள். ‘ஸ’வும் ‘ப’வும். கோயில் பஜனையில் சுருதிப் பெட்டி போடுகிற அதே சத்தம், எனக்குப் பழகியதுதான். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கட்டையையும் சேர்த்து அமுக்கினாள். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

“அடியே, அதை இன்னொருக்க அமுக்கு.”

“ஏம்மா, சத்தமா இருக்கா?”

“சத்தமெல்லாம் இல்லடி. நடுவுல ஒண்ணு சேத்தியே, அது என்னது?”

“அதுவா? ‘க’. ஸ, க, ப மூணும் ஒண்ணாக் கேட்டா அதுக்குப் பேரு கார்டு. பாட்டு எழுதுறவங்களுக்கு மொதப் பாடமே இதாம்மா. ஸவும் பவும் மட்டும் இருந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா அது சிரிக்குதா அழுவுதான்னு ஒண்ணும் வெளங்காது. நடுவுல இந்த ‘க’ வந்தாத்தான் அதோட முகமே தெரியும்.” சொல்லிவிட்டு, அந்த ‘க’வுக்குப் பதிலாகப் பக்கத்துக் கறுப்புக் கட்டையை அமுக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று வாடிப் போனது. திரும்பப் பழைய கட்டைக்கு வந்தாள். சிரித்தது.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும். அந்தச் சத்தத்தை நாற்பது வருசத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையின் தொண்டையில் கேட்டிருக்கிறேன். அவள் பாடியது தப்பு என்று சொல்லி அவள் வாயை அடைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது நாங்கள் மண்டபத்தில் இருந்தோம். சொந்த ஊர் கமுதிக்குப் பக்கம். மிளகாய்க் காடும் பருத்திக் காடுமாகக் காய்ந்து கிடக்கிற பூமி. அய்யாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. மாற்றல் வந்து கடற்கரைக்குக் குடி வந்தோம். ஊரிலிருந்து சித்தப்பா வற்றல் மிளகாயைச் சாக்கில் கட்டி அனுப்பிவிடுவார். குவார்ட்டர்ஸ் வீட்டில் ஆளுக்குப் பாதி இடம், மிளகாய்ச் சாக்குக்குப் பாதி இடம். என் பள்ளிக்கூடத்துச் சட்டையில்கூட மிளகாய் நெடி அடிக்கும். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்னை ‘மொளகா’ என்றே கூப்பிட்டார்கள். என் வாய்க்கும் அந்தப் பேர் பொருத்தம்தான்.

நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கென்று தனி வாத்தியார் கிடையாது. கணக்கு சாரே பாட்டு சார். ஒல்லியான மனுசர், மீசை மட்டும் தடியாக இருக்கும். அவர் பொறுப்பில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. கடல் காற்றில் உப்பேறி, துருத்தியை இழுத்தால் கிழவர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாடை. நட்ட நடுவில் ஏழாவது வெள்ளைக் கட்டை செத்துப் போயிருந்தது. அமுக்கினால் ‘புஸ்’ என்று காற்று வரும், சத்தம் வராது. உள்ளே இருக்கிற பித்தளை நாக்கு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதாம். நாங்கள் அதற்கு ஊமைக் கட்டை என்று பேர் வைத்திருந்தோம். மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ண வேண்டும் என்று சார் ஒவ்வொரு வருசமும் சொல்வார். பெட்டி மானாமதுரையைக்கூடத் தாண்டியதில்லை.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது, கேளுங்கள். சார் ஐந்து கட்டைச் சுருதியில்தான் வாசிப்பார். அதாவது, ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ‘ஸ’ என்று வைத்துக்கொள்வார். அப்படி வைத்தால் ஆறாவது ‘ரி’, ஏழாவது ‘க’. அந்த ஏழாவதுதான் ஊமை. ஆகவே எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘க’ என்ற சுரமே கிடையாது. ‘நி’ வேண்டுமென்றால் கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டும். சாருக்குக் கறுப்புக் கட்டை என்றால் விரல் தடுமாறும். ஆக ‘நி’யும் கிடையாது. மிச்சம் இருந்த ஐந்து சுரத்தை வைத்தே குடித்தனம் நடத்தினார். யாராவது கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு, “இது சுத்த சாவேரி ராகம். இதுல கவும் நியும் வரக்கூடாது” என்பார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வோம்.

அந்த வருசம் மழை முடிந்து வாடைக்காற்று அடிக்கத் தொடங்கிய நேரம். வானொலி நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து, பள்ளிப் பிள்ளைகளின் சேர்ந்திசையைப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சியில் போடப் போகிறார்கள் என்று பெரிய டீச்சர் அறிவித்தார். ஒரே ஒரு நிபந்தனை: சினிமா மெட்டு கூடாது, சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடமே ரெண்டுபட்டது. பன்னிரண்டு பெண்பிள்ளைகளைச் சார் பொறுக்கி எடுத்தார். முதல் குரல் நான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் போய்ச் சொன்னதும் அய்யா, “எங்க ஆத்தா ரேடியோவுல பாடப் போகுது” என்று பிளாட்பாரம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி முகாம்காரப் பிள்ளை. அப்போது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து படகில் வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்திருந்தார்கள். இவள் மன்னார்ப் பக்கம். வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்களைப் போலக் கத்திப் பேச மாட்டாள். இரட்டைச் சடையை வெள்ளை ரிப்பனால் மடித்துக் கட்டியிருப்பாள். அங்கே கோயில் பாட்டுக் குழுவில் அவளும் அவள் அக்காவும் பாடியவர்கள் என்று தெரிந்து சார் சேர்த்துக்கொண்டார்.

பாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா? முதல் வரியைச் சார் எழுதிக்கொண்டு வந்தார்: ‘கரைக்கு வந்த சின்ன அலையே’. நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வரி: ‘கணக்கும் தமிழும் கற்போம் வா’. நாங்கள் சிரித்த சிரிப்பில் சாருக்கே வெட்கமாகிவிட்டது. “பின்ன நீங்களே சொல்லுங்கடி பாப்போம்” என்றார். ஆளாளுக்கு மீன், படகு, சங்கு என்று உளறினோம். முகாம்காரப் பிள்ளை மெல்லக் கையைத் தூக்கினாள்.

“சேர், ‘அக்கரைச் சேதி சொல்லிப் போ’ எண்டு போடலாமோ?”

சார் விரல் விட்டு வார்த்தைகளை எண்ணினார். கணக்கு வாத்தியார் அல்லவா! எண்ணிக்கை சரியாக வந்தது. “பலே!” என்று சொல்லி, அந்தப் ‘போ’வை நீளமாக இழுத்து ‘ப’ சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே ஆர்மோனியத்தில் ‘ஸ’ ஓடிக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் ‘போ…’ என்று ‘ப’வில் நிற்போம். அதுதான் பல்லவி, அதுதான் முடிவு.

ஒத்திகையில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அந்தப் ‘போ’வில் நிற்கும்போது என் காதுக்குப் பக்கத்தில் வேறு ஒரு சத்தம் கேட்டது. அவள் என்னோடு நிற்கவில்லை. இரண்டு படி கீழே இறங்கி, அங்கே அசையாமல் நின்றாள். எனக்கு உடம்பு கூசியது. மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ரோட்டோரம் வேப்பமரத்தடிக்குப் போனபோது அவளிடம் கேட்டேவிட்டேன்.

“ஏன்டி, நீ மட்டும் ஏன் கீழ எறங்குற?”

“நான் எப்பவும் கீழதான் பாடுறனான். அக்கா மேல பாடுவா. கோயில்ல எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கினவை. ரெண்டும் சேர்ந்தாத்தான் வடிவு.”

“உங்கக்கா எங்க?”

“அங்கதான். வள்ளத்தில இடம் காணாது எண்டு பெரியம்மாவோட நிண்டுட்டா. அடுத்த வள்ளத்தில வருவா எண்டு அம்மா சொன்னவ. இன்னும் வரேல்ல. கடிதமும் இல்லை.”

சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிறகு ரகசியம் சொல்வது போல என் பக்கம் சாய்ந்தாள்.

“இந்த ரேடியோ அங்கயும் கேக்கும். பெரியம்மா வீட்டில ஞாயிற்றுக்கிழமை இதுதான் போடுறவை. எல்லாரும் ஒரே மாதிரிப் பாடினா, அதுக்குள்ள நான் இருக்கிறன் எண்டு அக்காவுக்கு எப்பிடித் தெரியும்? கீழ பாடினா அவளுக்கு உடன விளங்கும். நாங்கள் உயிரோட இருக்கிறம், இங்க வந்து சேந்திட்டம் எண்டு விளங்கும். நீ ஒருத்தரிட்டயும் சொல்லாத, என்ன?”

சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் மிளகாய்த் துவையலில் பாதியைக் கொடுத்தேன். உறைப்புத் தாங்காமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மத்தியானம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நடந்தது வேறு. அவள் பக்கத்தில் நின்று பாடப் பாட, என்னால் ‘ப’வில் நிற்க முடியவில்லை. அவள் குரலில் ஓர் இழுப்பு இருந்தது. நானும் என்னை அறியாமல் கீழே சரிந்துபோவேன். சார் பெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து முறைப்பார். “ஏ புள்ள, நீ மொதக் குரலு. நீயே எறங்குனா மத்ததுக எங்கன போகும்?” முதல் நாள் பொறுத்தார், இரண்டாம் நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், “நாளைக்கும் இப்பிடித்தான்னா வேற ஆளப் போடுறேன்” என்றார்.

வேற ஆளா? அய்யா பிளாட்பாரம் பூராவும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரே! மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் சார் அறை வாசலில் போய் நின்றேன்.

“சார், என் மேல தப்பில்ல. அந்த முகாம்காரப் புள்ளதான் சார் பக்கத்துல நின்னு தப்புத் தப்பாப் பாடுது.”

இவ்வளவுதான் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேனாம். பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பேத்தி!

அன்று ஒத்திகையில் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ‘போ’ வந்ததும் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. சுத்த சாவேரியில காந்தாரம் எங்கருந்து வந்துச்சு? யாரு ‘க’ பாடுறது?”

அவள் முன்னால் வந்தாள். “நான்தான் சேர். ஆனா நான் பிழையாப் பாடேல்ல. கீழ பாடினனான்.”

“கீழயும் வேணாம் மேலயும் வேணாம். இந்தா, பெட்டியிலயே அந்தச் சத்தம் கெடையாது பாரு.” ஊமைக் கட்டையை அமுக்கிக் காட்டினார். ‘புஸ்’ என்றது. எல்லோரும் சிரித்தார்கள். “ஒன்னால எல்லாரோடயும் சேந்து பாட முடியுமா?”

அவள் முயன்றாள். பாவம், முடியவில்லை. சின்ன வயதிலிருந்து கீழேயே பாடிப் பழகிய தொண்டை. ‘போ’ வந்ததும் தானாக இறங்கிவிடும். சார் கெட்டவர் இல்லை. அவளைக் குழுவிலிருந்து விலக்க அவருக்கு மனம் வரவில்லை. “சரி, வரிசையில நில்லு. வாய மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது” என்றார். அதை ஓர் உபகாரம் என்றுதான் நினைத்தார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவு நாளன்று ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பெரிய பெட்டி, அதில் இரண்டு சக்கரம், சக்கரத்தில் பழுப்பு நிற நாடா. வகுப்பறைக்குள் வாடைக்காற்று ஊய் ஊய் என்று வீசியது. காதில் கருவி மாட்டியிருந்த ரேடியோக்காரர் தலையை ஆட்டினார். “காத்துச் சத்தம் அப்படியே விழுது. ஜன்னலை அடைக்கணும், சாக்கு இருக்கா?” சாக்கா? எங்கள் வீட்டில் இல்லாத சாக்கா! அய்யா ஓடிப்போய் ஏழெட்டுச் சாக்கை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல்களில் கட்டினார். எல்லாம் மிளகாய்ச் சாக்கு. உதறவும் இல்லை. காற்று அடித்ததுதான் தாமதம், பெரிய டீச்சர் முதல் தும்மல் போட்டார். பிறகு சார். பிறகு பன்னிரண்டு பேரும். ரேடியோக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இது சேர்ந்திசையா, சேர்ந்து தும்மலா?” என்றார். சாக்கையெல்லாம் வெளியே கொண்டுபோய் உதறி, தண்ணீர் தெளித்துத் திரும்பக் கட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னார். பாடினோம். ரேடியோக்காரர் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கெட்டிக்காரர்.

“அந்த வெள்ளை ரிப்பன் புள்ள வாய் அசையுது, சத்தம் வரலையே?”

சார் அவசரமாகச் சொன்னார்: “தொண்ட கட்டியிருக்கு சார்.”

ரேடியோக்காரர் என்னைக் கேட்டார், நான்தான் அவளுக்கு அடுத்து நின்றேன். “அப்படியாம்மா?”

நான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் கழுத்து வலிக்கிறது. ‘இல்ல சார், அவ கீழ பாடுவா, ஒருக்க கேட்டுப் பாருங்க’ என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஊர் ஊராகப் பாட்டுக் கேட்டவர், அவருக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. நாடா சுற்றியது. நான் ‘ப’வில் ஆணி அடித்த மாதிரி நின்றேன். அவள் வாய் மட்டும் திறந்து மூடியது.

பாட்டு வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள் அவள் என்னிடம் வந்து, “நாளைக்கு எங்கட வீட்டை வாறியா? சேர்ந்து கேப்பம்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மறுநாள் போனேன்.

முகாமில் வரிசை வரிசையாகக் கட்டடம். ஒரு நீள அறையைச் சேலை கட்டி மறைத்து, ஒரு மறைப்புக்கு ஒரு குடும்பம். அவர்களுடைய டிரான்சிஸ்டருக்கு ஏரியல் ஒடிந்து போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கம்பியைக் கட்டித் துணி காயப்போடுகிற கொடியோடு இணைத்திருந்தார்கள். பேட்டரி தீரும் நிலை. காலையிலிருந்து அவற்றை வெயிலில் காயவைத்திருந்தாள். உங்களுக்கும் ஞாபகம் இருக்குமே, செத்த பேட்டரியை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். சூடு ஆறுவதற்குள் எடுத்து வந்து, ஊதி, உள்ளே போட்டாள். அவள் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, முறத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். அடுத்த மறைப்புகளிலிருந்தும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

எங்கள் பள்ளியின் பேரைச் சொன்னார்கள். கரகரப்புக்கு நடுவே ஆர்மோனியம் மூச்சு விட்டது. ‘கரைக்கு வந்த சின்ன அலையே…’ என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ‘அக்கரைச் சேதி சொல்லிப் போ…’

ரேடியோவுக்குள் நான் ‘ப’வில் நின்றேன். ரேடியோவுக்கு வெளியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் வாயைத் திறந்து ‘க’வைப் பாடினாள்.

நான் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்று பாடும்போது, அது என்னைக் கீழே இழுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அது என் குரலைக் கீழேயிருந்து தாங்கியிருக்கிறது. அந்த ஓட்டை ரேடியோவிலிருந்து வந்த பாட்டு, அந்தச் சேலை மறைப்புக்குள் முழுசாக இருந்தது. வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு பல்லவிக்கும் அவள் கீழே வந்து நின்றாள். கடைசிப் ‘போ’ முடிந்தபோது அவள் அம்மா முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அக்கா இப்ப மேல பாடியிருப்பா, என்னம்மா?” என்றாள் அவள்.

“ஓம் பிள்ளை. பாடியிருப்பாள்.”

எனக்குத் தாங்கவில்லை. அழுகையோடு சொன்னேன். “நான்தான்டி சார்கிட்டப் போயிச் சொன்னேன்.”

“எனக்குத் தெரியும்.”

“எப்பிடி?”

“அந்த நாளிலயிருந்து நீ என்ர முகத்தைப் பாக்கேல்ல.”

“எம்மேல கோவம் இல்லையா?”

“இருக்கு,” என்றாள். பிறகு பால் விடாத வெறுந்தேத்தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். “குடி. ஆறப்போகுது.”

அந்த வருசக் கோடையில் அவர்களை உள்நாட்டில் வேறொரு முகாமுக்கு மாற்றினார்கள். பரீட்சை லீவில் நான் கமுதிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அந்த மறைப்பில் வேறு சேலை தொங்கியது. எந்த ஊர் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அக்கா வந்து சேர்ந்தாளா, அந்தப் பாட்டைக் கேட்டாளா, எனக்குத் தெரியாது. கொஞ்ச காலத்தில் அய்யாவுக்கும் மாற்றல் வந்தது. பிறகு கல்யாணம், பிள்ளை, எல்லாம் வந்தன. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது மண்டபம் வந்தால் மட்டும் நான் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.

அடிப்பிடித்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கீபோர்டில் ஏதோ கணக்குப் போட்டாள்.

“அம்மா, உங்க சார் ஸவ ஒரு கட்டை கீழ தள்ளி, நாலு கட்டையில வச்சிருந்தா, அந்த ஊமைக் கட்டையத் தொடவே வேண்டியிருக்காது. ‘க’ வேற கட்டைக்குப் போயிருக்கும். ஒரே ஒரு கறுப்புக் கட்டை வாசிச்சாப் போதும்.”

நான் சிரிப்பதா அழுவதா! ஒரு கறுப்புக் கட்டைக்குப் பயந்த மனுசரின் ராகம். அவர் ராகக் கணக்கில் அவர் சொன்னதும் சரிதான்; அவள் கோயில் கணக்கில் அவள் பாடியதும் சரிதான். இரண்டையும் பொய்யாக்கியது என் வாய் ஒன்றுதான். சார் போய்ச் சேர்ந்து பல வருசமாகிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மகள் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னாள். இருமிக்கொண்டும் கனைத்துக்கொண்டும் பாடினேன். போனில் பதிவு செய்தாள். பின்னால் கீபோர்டு சேர்த்தாள். அப்புறம் ஏதோ பொத்தானைக் காட்டி, “இத அமுக்கினா ஒன் கொரலையே எடுத்து அதுவே கீழ் சுரத்துல பாடிரும்மா. அந்த ‘க’ வந்துரும். கேக்குறியா?” என்றாள்.

“வேணாம். கீபோர்டுலயும் அந்த ‘க’வ எடுத்துரு.”

“எடுத்துட்டா மொட்டையா இருக்கும்மா. மொகமே இருக்காது.”

“இருக்கட்டும்டி. அந்த எடத்தக் காலியா விடு.”

என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள். இப்போது அந்தப் பாட்டு போனில் எங்கேயோ கிடக்கிறது. உலகம் பூராவும் கேட்கும் என்கிறாள். மொட்டைப் பாட்டு என்று கேட்கிறவர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். உங்களில் யாருக்காவது அகப்பட்டால் கேட்டுப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். கடைசிப் ‘போ’வை நான் ரொம்ப நேரம் பிடித்திருக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு மூச்சு எதுக்கும்மா, பாதியில் விட்டிருக்கலாமே என்று மகள் கேட்டாள். எப்படி விடுவது? அவள் கேட்டு, கீழே வந்து சேர்ந்துகொள்ள நேரம் வேண்டாமா?